பொட்டலம் வைத்திருந்தவனுக்கு எது நீதி?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று காரைக்குடியில் யாரைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் 'கூடாது' என்ற பதில் வந்துவிடும். அதே ஆளிடம், ஐம்பது கிராம் பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். சற்றுத் தயங்குவார். யார் வீட்டுப் பையன், படிக்கிறானா, வேலைக்குப் போகிறானா என்று விசாரிப்பார். விற்பனையை அனுமதிப்பது, வைத்திருந்தவனைத் தண்டிப்பது ஆகிய இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதால்தான் இந்த விவாதம் நகர மறுக்கிறது.

பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் இது. இரண்டு அணி, ஒரு நடுவர் என்று வைத்து எதையும் வழக்காக்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். இந்த விஷயத்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. எங்கள் வாசகர் வட்டம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு அனுப்ப நினைக்கிறது. அதில் எந்த நிலைப்பாட்டை எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டும். வழிகள் நான்கு: இப்போதுள்ள சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வது; விற்பனையைக் குற்றமாகவே வைத்து, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பதை மட்டும் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பது; அரசே கடை வைத்து விற்பது; தனியாரிடம் வியாபாரத்தை விடுவது. காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் வழக்காடுகிறவன் என்ற முறையில் என் எண்ணத்தை எழுதுகிறேன். நான் இரண்டாவது வழிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

முதலில் இப்போதுள்ள சட்டம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்றுதான் சொல்கிறோம். 2001இல் வந்த திருத்தம் தண்டனையை எடைக்கு ஏற்பப் பிரித்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், 20 கிலோ என்ற வணிக அளவுக்குக் கீழ் என்றால் பத்தாண்டு வரை கடுங்காவல். வணிக அளவானால் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபது. புகைத்தது மட்டும் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் வரை அபராதமோ.

குற்றத்துக்குத் தக்கபடி தண்டனை இருக்க வேண்டும் என்பது நீதியைப் பற்றிய மிகப் பழைய எண்ணம். காகிதத்தில் இந்தச் சட்டம் அதை ஓரளவு மதிக்கிறது. ஆனால் அந்தத் தராசு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். பையைப் பிடித்த இடத்தில் மகசர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதுகிறார்கள். எடை போட மின்னணுத் தராசு வேண்டும். பக்கத்து மளிகைக்கடையிலிருந்து வாங்கி வருவார்கள். பையைத் திறந்தால் பூ, இலை, தண்டு, விதை எல்லாம் கலந்து, ஈரம் காயாமல் கிடக்கும். சட்டத்தின் வரையறைப்படி பூவும் காயும் உள்ள நுனிகள்தான் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வரக் கூடாது. நடுரோட்டில், கூட்டம் சுற்றி நிற்கும்போது, இதை யார் பிரித்துக்கொண்டிருப்பார்கள்? மொத்தமாகத் தராசில் வைக்கிறார்கள். 1,100 கிராம் என்று காட்டினால் அப்படியே எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துவிடுகிறார்கள். ஓராண்டில் முடிய வேண்டிய வழக்கு பத்தாண்டு வழக்காகிவிடுகிறது. இடையில் நிற்பது ஒரு கைப்பிடித் தண்டும் கொஞ்சம் ஈரமும். ஈரம் உலர்ந்த பிறகு ஆய்வகத்தில் எடை குறைந்தால் அதை வைத்து வாதாடலாம். வாதாட வழக்கறிஞர் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும், விசாரணை வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

சிறு அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது பெரும்பாடல்ல. ஜாமீனோடு வரும் நிபந்தனையைப் பாருங்கள்: தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கு இது என்ன செய்கிறது? அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். ஊற்றியது இறுகுமுன் அடுத்த கை வேலையைத் தொடர வேண்டும். காலையில் வேலைக்கு நடுவே எழுந்து கையெழுத்துப் போடப் போகிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வேலை போய்விடும். வழக்கு பிறகு விடுதலையிலோ சில ஆயிரம் ரூபாய் அபராதத்திலோ முடியலாம். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவன் தண்டனையை அனுபவித்து முடித்துவிடுகிறான். அதே பொட்டலம் முகப்பும் பட்டாலையும் வளவுமாக ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டுப் பையனிடம் இருந்திருந்தால், பெரும்பாலும் வழக்கே பிறக்காது. சென்னையில் தனியார் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பி, 'படிப்பு விஷயமாகப் போயிருக்கிறான்' என்று உறவினர்களிடம் சொல்லிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை; அவர்கள் செய்ததுதான் சரி. அந்தச் சரியான வழி பட்டறைப் பையனுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

பெரிய அளவு வழக்குகளில் நிலைமை இன்னும் கடுமை. வணிக அளவானால், குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். பொருள் கையில் இருந்தால், தெரிந்தே வைத்திருந்தான் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை அவன் தலையில். டெல்லியில் ஒரு கஞ்சா வழக்கில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே கிடந்தவருக்கு உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில்தான் ஜாமீன் கொடுத்தது. கடத்தல்காரனுக்கு இவ்வளவு கடுமை தேவை என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்க்க மாட்டேன். ஏழு ஆண்டு தீர்ப்பே இல்லாமல் அடைத்து வைப்பதைக் கடுமை என்ற சொல்லால் மறைக்க முடியாது.

'சிங்கப்பூரைப் பாருங்கள், அங்கே ஒருவன் தொடுவானா' என்று எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கிறேன். செட்டிநாட்டில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவு இல்லாத தெரு அபூர்வம். ஆகவே இந்த ஒப்பீடு எங்களுக்கு இயல்பாக வருகிறது. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சில கிராம் கூடுதலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. நம் சட்டத்தில் ஒரு கிலோ என்பது சிறு அளவின் எல்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஓராண்டுச் சிறையை ஒட்டி நிற்கும் எடைக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர். பயம் காட்டினால் குற்றம் குறையும் என்ற வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டாலும், அந்தப் பயத்துக்கு ஒரு மேல்வரம்பு வேண்டும் என்று யாருக்கும் தோன்ற வேண்டும். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. இனி நீதிபதி வழக்கைப் பார்த்து முடிவெடுக்கலாம். சிங்கப்பூரை மட்டும் உதாரணம் காட்டுகிறவர்கள் பக்கத்து நாட்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

இனி சமநீதி. ஒரே வகைத் தீங்கை ஒரே வகையில் நடத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் எல்லோருக்கும் உண்டு. வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு வாங்கலாம். அது இதே செடியின் இலை. காரைக்குடியில் அதே செடியின் பூ சிறைக்கு வழி. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான டாஸ்மாக் 2023-24இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டியது. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு உதவி தேவை. பாங்கு, கஞ்சா, அதே செடியின் பிசினான சரஸ் எல்லாம் சேர்த்துப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடியே 10 லட்சம். அவர்களில் 72 லட்சம் பேருக்கு உதவி தேவை. மதுவில் மூவரில் ஒருவருக்கு மேல்; இதில் நால்வரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கஞ்சா அப்படி ஒரே இரவில் தெருவையே சாய்ப்பதில்லை.

இந்தக் கணக்கைக் காட்டி 'அப்படியானால் கஞ்சாவுக்கும் கடை வையுங்கள்' என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. ஒரு தவறு நடக்கிறது என்பதற்காக இரண்டாவது தவறுக்கு உரிமை பிறப்பதில்லை. வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓர் ஆச்சி எழுந்து சொன்னார்: "என் மருமகன் குடித்தது கள்ளச்சாராயம் இல்லை தம்பி. சர்க்கார் கடையில், பில்லோடு வாங்கியதுதான். இன்னொரு கடையும் திறந்தால் யார் வீட்டுக்கு நல்லது?" அதற்குமேல் மூன்றாவது வழிக்காக யாரும் பேசவில்லை. ஆச்சி சொன்னது துக்கத்தில் பிறந்த வாதம் மட்டுமல்ல, பொருளாதார வாதமும்கூட. வருவாய்க்குப் பழகிய அரசு, வாங்குகிறவன் குறைய வேண்டும் என்று மனதார விரும்பாது. சேலத்தில் 1937இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கிலிருந்து, 1971இல் அது தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது என்று இந்தப் பாதையைத் தமிழ்நாடு முழுவதும் நடந்து பார்த்தாகிவிட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியக் கஞ்சா ஆணையம் 1893-94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத்தடை தேவையில்லை, உரிமமும் வரியும் போதும் என்று சொன்னது. சட்டபூர்வமாக்கக் கோருவோர் இதை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. நூற்றாண்டுக்கு முந்தைய கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் ஒன்றல்ல என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிடிபட்ட மாதிரிகளில் போதையூட்டும் டி.எச்.சி. 1995இல் சராசரி 4 சதவீதம். 2014இல் 12 சதவீதம். வியாபாரம் பெருகும் இடத்தில் சரக்கின் வீரியமும் ஏறுகிறது. மூளை முழுமையாக வளர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். இளம் வயதிலேயே தொடங்கி அன்றாடம் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயம் கூடுகிறது என்று மனநல மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தையும் அதைச் சுற்றி அத்தனை கல்லூரிகளையும் வைத்திருக்கும் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தனியாரிடம் விடும் நான்காவது வழி இதைவிட வேகமாகக் கெடும். தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்ப இறுக்கினார்கள். 2018 அக்டோபரில் அனுமதித்த கனடாவில் தரக்கட்டுப்பாடு, வயது வரம்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றைக் கண்காணிக்கும் ஆட்பலம் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் குட்கா விற்பதையே முழுதாக நிறுத்த முடியாத நாம் அந்த ஒழுங்கை எங்கிருந்து கொண்டுவருவது? ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும், வெளியே 25 கிராம் வைத்திருக்கவும் விட்டிருக்கிறது. கடை இல்லாத, விளம்பரம் இல்லாத வழி என்பதால் எனக்கு அது கனடாவைவிடப் பிடிக்கும். நம் ஊருக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

'என் உடம்பு, என் இஷ்டம். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அரசுக்கு என்ன வேலை' என்ற வாதத்தை எங்கள் வட்டத்து இளைஞர்கள் உரக்கச் சொல்கிறார்கள். அதில் பாதி எனக்கு உடன்பாடு. ஒருவனை அவன் நன்மைக்காகவே சிறையில் அடைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. மறுபாதியில் வேறுபடுகிறேன்: எங்கள் வீடுகளில் ஒருவன் தனியாகக் கெடுவதில்லை. அவன் சம்பளம், தங்கையின் கல்யாணம், தாயின் நகை எல்லாம் சேர்ந்தே போகும். ஆகவே அரசு ஒதுங்கிவிட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. போலீஸ்காரர் வர வேண்டிய இடத்தில் மருத்துவரும் சமூகப் பணியாளரும் வர வேண்டும் என்பேன்.

போர்ச்சுகல் 2001 முதல் இதைச் செய்கிறது. அங்கே சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவு வரை வைத்திருப்பது குற்றமல்ல; கஞ்சாவில் அது 25 கிராம். பொருளைப் பறிமுதல் செய்து, ஆளை மூவர் குழு முன் அனுப்புகிறார்கள். சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருப்பார்கள். அடிமையானவனைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சும்மா தொட்டுப் பார்த்தவனை எச்சரித்து விடுவார்கள். தேவைப்பட்டால் அபராதம் போடுவார்கள். விற்கிறவனுக்குச் சிறை அப்படியே இருக்கிறது.

இதே வழியில் போன அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் தடுக்கி விழுந்ததையும் சொல்ல வேண்டும். 2020இல் மக்கள் வாக்களித்து, எல்லாப் போதைப்பொருளிலும் சிறு அளவு வைத்திருப்பதற்கான சிறையை நீக்கினார்கள். நூறு டாலர் அபராதம், அல்லது ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து ஆலோசனை பெற்றால் அதுவும் தள்ளுபடி. சிகிச்சை மையங்களுக்குப் பணம் போய்ச் சேரத் தாமதமானது. தெருவில் வெளிப்படையான பயன்பாட்டைக் கண்டு மக்கள் கொதித்தார்கள். 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். சிறையை முதலில் எடுத்து, மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியதன் விளைவு இது. நம் மனு இந்த வரிசையை மாற்றி எழுத வேண்டும்.

எனக்கு இன்னோர் அச்சமும் உண்டு. மூவர் குழு என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் மகிழ்ந்தார்கள்: 'நாங்களே கூட்டம் போட்டுத் தீர்த்துவிடுவோம், கோர்ட் எதற்கு?' நகரத்தார் கோயிலில் கூடிக் கணக்கு வழக்குகளைத் தீர்த்துக்கொண்ட மரபு பெருமைக்குரியதுதான். ஆனால் ஊர்க்கூட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீதி வழங்கியதில்லை. கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை இந்த வட்டாரம் மறக்க முடியாது. பையனின் சாதியையும் தெருவையும் பார்த்து அபராதம் போடும் கட்டப்பஞ்சாயத்தாக அந்தக் குழு மாறிவிட்டால், இப்போதிருக்கும் சட்டமே மேல். குழுவில் அரசு மருத்துவரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரும் இருக்க வேண்டும். அதன் உத்தரவுக்கு எதிராக நீதித்துறை நடுவரிடம் மேல்முறையீடு வேண்டும். உள்ளூர்ப் பெரியமனிதர்களுக்கு அதில் நாற்காலி கூடாது.

'சின்னவனைப் பிடித்தால்தானே பெரியவன் சிக்குவான்' என்று காவல்துறை நண்பர்கள் கேட்பார்கள். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்துதான் நம் பக்கத்துக்குச் சரக்கு பெருமளவில் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சங்கிலியை உடைப்பது பண வரவு, வாகனம், தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றைத் துலக்கும் விசாரணை. பொட்டலம் வைத்திருந்த பையனின் வாக்குமூலம் அதற்குப் போதாது. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பொட்டல வழக்குகள் காவல் நிலையத்தின் எண்ணிக்கையைக் கூட்டும். சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வழிக்கு வேண்டிய வாசல் இப்போதைய சட்டத்திலேயே பாதி திறந்திருக்கிறது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 64ஏ பிரிவின்படி, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறும் போதை அடிமை, புகைத்ததற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 39ஆம் பிரிவின்படி, தண்டிக்கப்பட்ட அடிமையைச் சிறைக்குப் பதில் அரசு மருத்துவமனைக்கு நீதிமன்றம் அனுப்பலாம். கைதாகிற பையனின் பெற்றோருக்கு இதைச் சொல்வார் இல்லை. ரிமாண்டின்போது இதை எழுப்பினால், எந்த மையம், எங்கே படுக்கை, யார் சான்றிதழ் தருவார் என்ற கேள்விகளிலேயே நாள் போய்விடுகிறது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்காமல் இதை நாளைக்கே சீராக்கலாம்.

ஆகவே மனுவில் நான் கையெழுத்திடும் வரிசை இப்படி இருக்கும். முதலில், மாவட்டத்தில் எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் 64ஏ சிகிச்சை கிடைக்கும் என்ற பட்டியல் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நடுவர் நீதிமன்றத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கைதானவனின் வீட்டாரிடம் அது எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அடுத்து, கைப்பற்றிய கஞ்சாவில் தண்டையும் தனி இலையையும் பிரித்து எடை போட்ட பிறகே அளவு பதிவாக வேண்டும். மூன்றாவதாக, சிகிச்சைப் படுக்கைகள் தயாரான பிறகு, சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைச் சிறைத் தண்டனையிலிருந்து எடுத்துவிடும் திருத்தம். ஒரு கிலோ வரை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கிலோ வைத்திருப்பவன் தனக்காக மட்டும் வைத்திருப்பதில்லை. போர்ச்சுகலின் 25 கிராம் நமக்குப் பொருத்தமான தொடக்கம். என் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ஐம்பது கிராம் பையன் அதற்கு வெளியே நிற்பான். அவனுக்குச் சிறை வேண்டாம், அபராதமும் கட்டாயச் சிகிச்சையும் போதும் என்று இன்னொரு படியைச் சேர்க்கலாம். விற்பனை, கடத்தல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுத்தல், போதையில் வண்டி ஓட்டுதல் இவற்றுக்கான தண்டனைகளில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது. கடை திறக்கும் கோரிக்கை எதுவும் மனுவில் இருந்தால் நான் கையெழுத்திட மாட்டேன் என்பதை வட்டத்தின் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.